யாரைப்போல் ஆடுகிறார்?

விளையாட்டுத் துறையில் ஒரு புதுமுகம் தோன்றியவுடன் உலகம் கேட்கும் முதற் கேள்வி, 'இவர் யாரைப்போல் ஆடுகிறார்?' என்பதுதான். 'எப்படி ஆடுகிறார்?' என்னும் கேள்வி அதற்குப் பிறகே எழுகின்றது. சங்கீத சபையில் இளம் பாடகர் ஒருவர் ஆலாபனையைத் தொடங்கிய மாத்திரத்தில், பக்கத்திலிருப்பவர் காதில் பழைய வித்துவான் ஒருவருடைய பெயரைச் சொல்லும் ரசிகரை நீங்கள் கண்டிருப்பீர்கள். தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அறிதல் மனித இயல்பு. ஆசிரியப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே இதனை எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆயினும் எதனை எதனோடு ஒப்பிடுகிறோம் என்று பார்த்துக்கொள்ளாவிடில், ஒப்பிடப்படுகிறவருக்கு நாம் பெருந்தீங்கு செய்துவிட இடமுண்டு. இதனை விளக்க நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் அண்மையில் புகழ்பெற்ற ஓர் இளைஞரின் கதை.

அவ்வாட்டத்தை அறியாத மாணவர்களுக்காகச் சில சொற்கள். பெயர் கால்பந்தே ஆயினும், அதில் காலைவிடக் கைக்கே வேலை மிகுதி. இரு முனையும் கூர்த்த நீள்வட்டப் பந்து; அணிக்குப் பதினொருவர்; களத்தின் நீளம் 100 கஜம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அவற்றுக்குள் 10 கஜமாவது முன்னேறினால் மேலும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். அதற்கு டச்டவுன் என்று பெயர்.

இவ்வாட்டத்துக்கு அச்சாணியாக விளங்குபவர் குவாட்டர்பேக் எனப்படுபவர். ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் அவர் கைக்கே வருகிறது. வந்தவுடன், மலைபோன்ற உடல் படைத்த எதிரிகள் நால்வர் ஐவர் அவரைத் தரையில் சாய்க்கப் பாய்ந்து வருவர். அதே நேரத்தில் அவருடைய தோழர்கள் களத்தின் பல திசைகளில் ஓடிக்கொண்டிருப்பர். அவர்களுள் யாரை நோக்கி எறிவது, எந்தக் கணத்தில் எறிவது, எறியாமல் பந்தைத் தாமே ஏந்தி ஓடிவிடுவதா என்பதையெல்லாம் ஏறத்தாழ மூன்று விநாடிகளுக்குள் அவர் முடிவுசெய்தாக வேண்டும். அனுபவசாலிகளும் தடுமாறும் இடம் அது. முதலாண்டு ஆட்டக்காரர் பெரும்பாலும் அங்கே திணறத்தான் செய்வார்.

ஜேடன் டேனியல்ஸ் என்பவர் 2024-ஆம் ஆண்டில் அந்த இடத்துக்கு வந்தார். கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில், இரண்டாமவராக அவரை வாஷிங்டன் அணி எடுத்துக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டில் அவ்வணி 17 ஆட்டங்களில் நான்கில்தான் வென்றிருந்தது. டேனியல்ஸ் வந்த ஆண்டில் 12 ஆட்டங்களில் வென்றது. அவர் எறிந்த பந்துகள் 3,568 கஜ முன்னேற்றத்தைத் தந்தன. அவர் தாமே ஓடிக் கடந்தது 891 கஜம். முதலாண்டுக் குவாட்டர்பேக் எவரும் அதுகாறும் அத்துணைத் தூரம் ஓடியதில்லை. அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் என்னும் விருதும் அவருக்கே கிடைத்தது.

இவ்வளவு கால்வேகம் கண்டவுடன் எல்லார் வாயிலும் எழுந்த பெயர் லாமார் ஜாக்சன் என்பதே. பால்டிமோர் அணியின் குவாட்டர்பேக்கான அவர், 2019-ஆம் ஆண்டில் 1,206 கஜம் ஓடித் தம் இடத்தில் ஆடுவோருக்கு ஒரு புதிய எல்லையை வகுத்தவர். அவ்வாண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர். இருவரும் கல்லூரிக் காலத்தில் ஹைஸ்மன் பரிசு பெற்றவர்கள், இருவரும் மெலிந்த உடலினர், இருவரும் கறுப்பினத்தவர். ஒப்பீடு தானே வந்து வாயிலில் நின்றது எனலாம்.

ஆயினும் இருவர் ஓட்டத்தையும் ஊன்றிப் பார்ப்போருக்கு வேற்றுமை எளிதில் புலப்படும். ஜாக்சனுடைய திறமை திசை மாற்றத்தில் இருக்கிறது. பிடிக்க வருபவன் ஒரு பக்கம் சாயும்வரை காத்திருந்து, ஓர் எட்டில் மறுபக்கம் போய்விடுவார். நீரில் மீனைக் கையால் பிடிக்க முயல்வது போன்றது அவரைப் பிடிப்பது. எதிரியின் தாக்குதல் அவர்மேல் நேராக விழுவது அரிது. பட்டாலும் பக்கவாட்டில் பட்டு நழுவிவிடும். டேனியல்ஸ் அவ்வாறு வளைந்து நெளிபவரல்லர். நெடிய கால்களை வீசி, நிமிர்ந்த உடலோடு, திறந்த வழியில் நேர்கோட்டில் ஓடுகிறவர். வழி திறந்திருக்கும்வரை அவரை எட்டுவார் இல்லை. வழி அடைபட்ட இடத்தில், தாக்குதல் முழுவதும் அவருடைய நெஞ்சுக்கும் விலாவுக்கும் நேராக வந்து சேரும். இந்த ஒரு வேற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வரவேண்டியிருக்கிறது.

எறியும் முறையிலும் இருவரும் வேறுபட்டவர்கள். ஜாக்சன் தோளுக்கு மேலிருந்தும் எறிவார், இடுப்பளவில் கையைச் சுழற்றியும் எறிவார். இடத்துக்கு ஏற்ற எறி அந்தந்தக் கணத்தில் அவரிடம் பிறக்கும். டேனியல்ஸின் எறியோ பாடம் பிசகாத எறி. தோழன் ஓடிச் சேரவேண்டிய இடத்தை முன்னரே கணித்து, அவன் அங்கே சேர்வதற்குள் பந்தை உயரே அனுப்பிவிடுவார். களத்தின் ஓரக்கோட்டை ஒட்டி நெடுந்தூரம் போகும் எறியில் அவருக்குள்ள துல்லியத்தைக் காணும்போது, எனக்கு ஜாக்சன் நினைவுக்கு வருவதில்லை. நினைவுக்கு வருபவர் சின்சினாட்டி அணியின் ஜோ பரோ.

ஜோ பரோ வெள்ளையர். ஓட்டத்துக்குப் பெயர்பெற்றவர் அல்லர். நின்ற இடத்தில் நின்று எறிவதில் வல்லவர். ஆகையால் டேனியல்ஸோடு அவரை எவரும் முதலில் சேர்த்து எண்ணவில்லை. ஆனால் இருவருடைய வரலாற்றையும் பாருங்கள். பரோ ஒரு கல்லூரியில் ஆடும் வாய்ப்புப் போதாமல் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறி, அங்கே 2019-ஆம் ஆண்டில் ஹைஸ்மன் பரிசு பெற்றார். டேனியல்ஸ் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் ஆடிவிட்டு, 2022-இல் அதே லூயிசியானாவுக்கு மாறி, 2023-இல் அதே பரிசைப் பெற்றார். அந்தக் கடைசி ஆண்டில் அவர் எறிந்த டச்டவுன்கள் 40. எதிரி கையில் பந்தைப் பறிகொடுத்தது நான்கே முறை. கண்ணை மறைக்கும் கருவி ஒன்றை அணிந்து, அதனுள் தோன்றும் எதிரணியின் அமைப்புகளை உண்மை ஆட்டத்தைவிட விரைவாக ஓடவிட்டுப் பார்த்துப் பார்த்துத் தம் கண்ணையும் கருத்தையும் அவர் பழக்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் மாணவனுக்கு இதில் வியப்பொன்றும் இராது. இருவரும் கல்லூரியில் ஐந்தாண்டுகள் கழித்து, நிறைந்த பக்குவத்தோடு வந்தவர்கள். புதுமுகத்திடம் கண்ட அமைதி வானத்திலிருந்து விழுந்ததன்று.

2024 செப்டம்பர் 23-ஆம் நாள் இரவில், சின்சினாட்டி நகரில் இவ்விருவரும் எதிரெதிரே நின்றனர். டேனியல்ஸுக்கு அது மூன்றாவது ஆட்டம். அன்று அவர் 23 முறை எறிந்தார். அவற்றுள் 21 பந்துகள் தோழர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. இறுதிக் கட்டத்தில் வாஷிங்டன் முன்னணியில் இருந்தபோதிலும், பரோவின் கைக்குப் பந்து திரும்பினால் ஆட்டம் தலைகீழாகும் என்ற நிலை. நேரத்தைக் கடத்தும் நோக்கில் பந்தைச் சிறுகச் சிறுக நகர்த்துவதே வழக்கமான அறிவு. டேனியல்ஸ் பின்னோக்கி நின்று, தம்மேல் எதிரி வந்து விழும் வேளையில், டெரி மெக்லாரின் என்னும் தோழருக்கு 27 கஜ எறி ஒன்றை எறிந்தார். அது டச்டவுனாயிற்று. வாஷிங்டன் 38-க்கு 33 என்று வென்றது. அன்று பரோவும் மிக நன்றாகவே ஆடினார். எனினும் பரோவின் கலையைக் கொண்டே பரோவை வென்றார் அந்தப் புதுமுகம்.

அப்படியானால் பரோவின் பெயர் ஏன் முதலில் எவர்க்கும் தோன்றவில்லை? இங்கேதான் ஒப்பீட்டின் இருண்ட பக்கம் இருக்கின்றது. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் நெடுங்காலம் குவாட்டர்பேக் என்னும் இடம் கறுப்பினத்தவருக்கு மூடப்பட்டிருந்தது. ஓடவும் தாவவும் அவர்களுக்கு வரும், சிந்தித்து ஆணையிடும் வேலை அவர்களுக்கு வராது என்று வாய்விட்டும் விடாமலும் கூறினர். 1968-ஆம் ஆண்டில் டென்வர் அணியில் மார்லின் பிரிஸ்கோ என்னும் கறுப்பின இளைஞர் தம் முதலாண்டிலேயே 14 டச்டவுன்களை எறிந்தார். அடுத்த ஆண்டில் அவருக்கு அந்த இடம் கொடுக்கப்படவில்லை. வேறோர் அணிக்குப் போய்ப் பந்தைப் பிடிப்பவராகப் பிழைக்க நேர்ந்தது. வாரன் மூன் என்பவரை 1978-ஆம் ஆண்டுத் தேர்வில் ஓர் அணியும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கனடாவுக்குச் சென்று ஆறாண்டுகள் ஆடிப் புகழ்பெற்ற பின்னரே தம் நாட்டில் அவருக்கு இடம் கிடைத்தது. 1988 ஜனவரி 31-ஆம் நாள் நடந்த இறுதிப் பெரும்போட்டியில் டக் வில்லியம்ஸ் ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன்களை எறிந்து, 42-க்கு 10 என வெற்றிவாகை சூடினார். அவ்வெற்றியைப் பெற்ற முதல் கறுப்பினக் குவாட்டர்பேக் அவரே. அவர் ஆடியதும் இதே வாஷிங்டன் அணிக்குத்தான்.

அவையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. 2018-ஆம் ஆண்டில், அணிகளை ஆக்குவதில் பெரும்பெயர் எடுத்த பில் போலியன் என்பவர், லாமார் ஜாக்சன் குவாட்டர்பேக்காக இருப்பதைவிடப் பந்து பிடிப்பவராக மாறுவது நல்லது என்று வெளிப்படையாகவே சொன்னார். பின்னர்த் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதையும் சொல்லவேண்டும். அவ்வாண்டுத் தேர்வில் வேறு நான்கு குவாட்டர்பேக்குகள் எடுக்கப்பட்ட பின், முதற் சுற்றின் கடைசியில், 32-ஆமவராகவே ஜாக்சன் எடுக்கப்பட்டார். அந்த ஜாக்சன் 2024-ஆம் ஆண்டில் எறிந்த டச்டவுன்கள் 41, பறிகொடுத்தவை நான்கு.

ஆக, கறுப்பினப் புதுமுகம் ஒருவரைக் கறுப்பினத்து மூத்தவர் ஒருவரோடு மட்டுமே ஒப்பிடுகிறவர், தாம் புகழ்வதாகவே எண்ணிக்கொள்கிறார். ஆனால் அப்புகழ்ச்சியில் காலைப் பற்றிய பேச்சே மிகுதி. கண்ணையும் கருத்தையும் கையையும் பற்றிய பேச்சு குறைந்துபோகின்றது. ஆசிரியர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. வகுப்பில் புதிதாக ஒரு பையன் வந்து அமர்ந்ததும், 'நீ இன்னாருடைய தம்பிதானே? அண்ணன் கணக்கில் புலியாயிற்றே!' என்போம். தம்பிக்குச் சித்திரம் நன்றாக வரும் என்பதை நாம் அறிவதற்குள் ஓராண்டு கழிந்துவிடும்.

டேனியல்ஸின் பெயரை ஊரெங்கும் பரப்பிய நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே குறிப்பிடவேண்டும். 2024 அக்டோபர் 27-ஆம் நாள் சிகாகோ அணியோடு ஆட்டம். எதிரே நின்றவர் அவ்வாண்டுத் தேர்வில் முதல்வராக எடுக்கப்பட்ட கேலப் வில்லியம்ஸ். கடைசி விநாடிகள், வாஷிங்டன் 12-க்கு 15 எனப் பின்தங்கியிருந்தது. டேனியல்ஸ் அங்குமிங்கும் ஓடி நேரத்தை நீட்டி, பந்தை வானளாவ எறிந்தார். அது கூட்டத்தில் ஒருவர் கையில் பட்டுத் தெறித்து, பின்னால் தனியே நின்ற நோவா பிரவுன் கையில் விழுந்தது. வாஷிங்டன் வென்றது. முந்திய வாரம் விலாவில் பட்ட அடியோடு அவர் ஆடினார் என்பது பாராட்டுக்குரியதே. ஆயினும் ஒருவருடைய ஆட்டமுறையை அறிய அந்த எறி உதவாது. நூறு முறை எறிந்தால் சில முறையே பலிக்கும் செயல் அது. சின்சினாட்டியில் கண்ட 21 பந்துகளே எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

இனி, நான் மிகவும் இன்றியமையாததாகக் கருதும் ஒப்பீட்டுக்கு வருகிறேன். டேனியல்ஸ் முறியடித்த 891 கஜச் சாதனைக்கு முன்னிருந்த எல்லை 815 கஜம். 2012-ஆம் ஆண்டில் அதனை நிறுவியவர் ராபர்ட் கிரிஃபின். அவரும் ஹைஸ்மன் பரிசு பெற்றவர். அவரும் தேர்வில் இரண்டாமவராக எடுக்கப்பட்டவர். அவரை எடுத்ததும் வாஷிங்டன் அணியே. அந்த இரண்டாம் இடத்தைப் பெறுவதற்காகவே அவ்வணி பிற்கால முதற்சுற்றுத் தேர்வுகள் பலவற்றை வேறோர் அணிக்கு விட்டுக்கொடுத்தது. கிரிஃபினும் அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் எனப்பட்டார். தம் பிரிவில் அணியை முதலிடத்துக்கு உயர்த்தினார். பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே வீட்டில் ஒரே நாடகம் இருமுறை நடந்ததுபோல் இருக்கிறது.

கிரிஃபின் கல்லூரியில் தடையோட்ட வீரர். நேர்கோட்டில் அவருக்கு இருந்த வேகம் டேனியல்ஸின் வேகத்துக்கு இளைத்ததன்று. இருவரும் நிமிர்ந்து ஓடுபவர்கள், இருவரும் மெலிந்தவர்கள். 2012 டிசம்பரில் பால்டிமோர் அணியோடு ஆடுகையில் கிரிஃபினின் வலது முழங்காலில் அடிபட்டது. நான்கு வாரம் கழித்து, 2013 ஜனவரி 6-ஆம் நாள், தகுதிச் சுற்றில் சீயாட்டில் அணியோடு ஆட்டம். முதற்பகுதியிலேயே அவர் நொண்டுவது பார்வையாளர் கண்ணுக்குத் தெரிந்தது. அவரும் வெளியேறவில்லை, அவரை வெளியேற்றவும் இல்லை. இறுதிப் பகுதியில், தரையில் உருண்ட பந்தை எடுக்கத் திரும்பியபோது கால் மடங்கியது. முழங்காலின் தசைநார்கள் அறுந்தன. வயது 22. அதற்குப் பிறகு அவர் பல ஆண்டுகள் ஆடியும், அந்த முதலாண்டின் கிரிஃபினை எவரும் மறுபடி காணவில்லை. 2018 முதல் 2020 வரை பால்டிமோர் அணியில் மாற்று ஆட்டக்காரராக இருந்தார். அங்கே அவர் யாருக்கு மாற்றாக இருந்தார் என்றால், லாமார் ஜாக்சனுக்கு.

எறியும் கலையில் டேனியல்ஸ் கிரிஃபினைவிட மேம்பட்டவர் என்பது என் கருத்து. கிரிஃபினுக்கு முதலாண்டில் வகுக்கப்பட்ட ஆட்டம், ஓடப்போவதுபோல் எதிரியை ஏமாற்றி, ஏமாந்த இடத்தில் விரைந்து எறிவதையே பெரிதும் நம்பியிருந்தது. டேனியல்ஸோ, முயற்சிக்கு முயற்சி கூடிப் பேசும் வழக்கத்தை விட்டு, களத்தில் நின்றபடியே எதிரியின் அமைப்பைப் படித்து அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினார். அவருக்கு அது மிகுந்த பயன் தந்தது. 2025 ஜனவரியில், பருவத்தில் 15 வெற்றி பெற்றிருந்த டெட்ராய்ட் அணியை அதன் சொந்தக் களத்திலேயே 45-க்கு 31 என வீழ்த்தியபோது, அவர் ஒரு பந்தையும் பறிகொடுக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் பிலடெல்பியா அணி வாஷிங்டனை 55-க்கு 23 என நசுக்கிவிட்டது என்பது வேறு.

ஆனால் உடல் விஷயத்தில் கிரிஃபினே அவருக்குப் பாடநூல். இதே இடத்தில் ஓடிப் பெயர்பெற்ற கேம் நியூட்டன் ஏறக்குறைய 111 கிலோ எடையுள்ளவர். அவரை முட்டியவர்தாம் சில வேளைகளில் தரையில் விழுவார். அவருக்கே பிற்காலத்தில் தோள் தளர்ந்துபோயிற்று. டேனியல்ஸின் எடையோ சுமார் 95 கிலோ. நழுவும் கலை ஜாக்சனைக் காத்தது. பருமன் நியூட்டனைப் பல ஆண்டுகள் தாங்கியது. இவ்விரண்டும் இல்லாதவருக்குச் சட்டம் ஒரு பாதுகாப்பை வைத்திருக்கிறது. குவாட்டர்பேக் கால்களை முன்னே நீட்டிச் சறுக்கி அமர்ந்துவிட்டால், அவ்விடத்தோடு அந்த முயற்சி முடிந்தது. அவரை யாரும் தாக்குதல் கூடாது. இரண்டு கஜ ஆசையை விட்டால் உடல் பிழைக்கும். கல்லூரியிலேயே டேனியல்ஸ் இந்தச் சறுக்கலில் சிக்கனம் காட்டியவர். வாஷிங்டனில் முதலாண்டில் ஓரளவு பழகிக்கொண்டார்.

2025-ஆம் ஆண்டு வந்தது. இரண்டாம் ஆட்டத்தில் முழங்கால் சுளுக்கு. அக்டோபரில் தொடையின் பின்தசையில் வலி. நவம்பர் 2-ஆம் நாள் சீயாட்டில் அணியோடு ஆட்டம். கிரிஃபின் வீழ்ந்ததும் சீயாட்டில் அணியோடுதான் என்பது தற்செயலே. அதற்கு நான் பொருள் கற்பிக்கவில்லை. ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது. வாஷிங்டன் 7, சீயாட்டில் 38. இறுதிப் பகுதியில், இனி வென்று பெறுவதற்கு ஒன்றுமில்லாத வேளையிலும், டேனியல்ஸ் களத்தில் இருந்தார். பந்தோடு கோட்டை நோக்கி ஓட முயன்றபோது கீழே சாய்க்கப்பட்டார். ஊன்றிய இடது கை மடங்கி, முழங்கை மூட்டு விலகிற்று. அவ்வாண்டில் அவர் ஆடியவை ஏழே ஆட்டங்கள். அந்த வேளையில் அவரைக் களத்தில் விட்டுவைத்ததற்குப் பயிற்சியாளர் டான் குவின் தாமே பொறுப்பேற்றுக்கொண்டார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், நொண்டிய இளைஞர் ஒருவரை வெளியே அழைக்காமல் விட்ட அதே அணி!

நல்லவேளை, எறிகிற கை வலது கை. முழங்கை ஆறும், முழங்கால் தசைநார் அறுந்த கதையன்று இது. ஆகவே கிரிஃபினின் முடிவை இவருக்கும் இப்பொழுதே எழுதிவிடுவது, ஜாக்சனின் பெயரை முதல் நாளிலேயே இவர்மேல் ஒட்டியதைப் போன்ற அவசரமே ஆகும். இவருடைய ஆட்டத்தைக் காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், ஓட்டம் தொடங்கும் இடத்தைவிட அது முடியும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். ஓரக்கோட்டுக்கு வெளியே காலை வைக்கிறாரா, சறுக்கி அமர்கிறாரா, அல்லது இன்னும் இரண்டு கஜத்துக்காக நிமிர்ந்து நின்று மோதுகிறாரா என்று பாருங்கள். பரோவின் கையும் கிரிஃபினின் காலும் ஒரே உடலில் அமைந்த அந்த இளைஞர் இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆடுவார் என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது.